கிராம்பு வாசனை அடிக்கும் தண்டவாளம்

செப்டம்பர் 4, வியாழன்

அக்கா தூங்கிவிட்டாள். குறட்டை இரண்டாவது கியருக்கு வந்துவிட்டது. மூன்றாவதுக்குப் போனால் இடி விழுந்தாலும் எழமாட்டாள். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இது போன வருடத்து வேதியியல் நோட்டின் பின்பக்கம். வேதியியல் நோட்டை இந்த வீட்டில் யாரும் தானாகத் திறக்கமாட்டார்கள், நான் உட்பட.

வெளியே சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பல் வலிக்கிறது.

வலப்பக்கம், கீழே, கடைசிக்கு முந்தைய பல். கருப்பாக ஒரு ஓட்டை. நாக்கு நாள் முழுக்க அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது, வேறு வேலையே இல்லாததுபோல. பல்வலி உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். எனக்கு வரக்கூடாது. என் அப்பா பல் டாக்டர்.

கீழே கிளினிக், மேலே வீடு. நான் வாய்ப்பாடு மனப்பாடம் செய்ததெல்லாம் தரைக்கு அடியிலிருந்து வரும் அந்த 'ர்ர்ர்' சத்தத்தோடுதான். நடுநடுவே யாராவது அலறுவார்கள். வெளியே வரும்போது, "டாக்டர் கை பூ மாதிரி" என்பார்கள். வாய் மரத்துப்போனவர்கள் சொல்வதை எப்படி நம்புவது?

இதைவிட மோசம் அந்தப் படம். காத்திருக்கும் அறையின் சுவரில் பத்து வயதில் எடுத்த என் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. எல்லாப் பல்லும் தெரிய ஒரு சிரிப்பு. அப்பா வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "என் சின்னப் பொண்ணு. மிட்டாய் இருக்கிற பக்கமே திரும்பமாட்டா" என்பார். பள்ளிக்கு எதிர்க்கடைக்காரர் இதைக் கேட்டால் சிரித்துச் சிரித்தே புரையேறிவிடுவார்.

இப்போது அந்த அறையைப் புதுப்பிக்கிறார்கள். நோயாளிகள் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்துபோகிறார்கள். 22ஆம் தேதி திறப்பு. அப்பாவின் பெரிய திட்டம் அங்கே இரண்டு சுவரோரமும் நீளமாக ஒரு மேசை, அதன்மேல் பொம்மை ரயில். மேசை சரியாகக் குழந்தைகளின் மூக்கு உயரம். "ரயிலைப் பார்த்துக்கிட்டே இருந்தா பயம் மறந்துடும்" என்கிறார். பொம்மை ரயில் என்று சொன்னால் கோபம் வரும். "மாதிரி ரயில்" என்று சொல்லவேண்டும்.

இன்று கடைசித் தண்டவாளத்தை இணைத்தாயிற்று. இனி ஜல்லி போடும் வேலை. அதற்கு உதவியாள் நான்தான். "உனக்குத்தான்மா கை நடுங்காது."

கை நடுங்காதுதான். மீதி எல்லாம் நடுங்குகிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்று வலியே இல்லை. தானாகவே குணமாகிவிட்டது போலிருக்கிறது. சந்தோஷத்தில் ஒரு டாஃபி சாப்பிட்டேன்.

வலிக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

நாள் முழுக்க மணல் சலித்தோம். தெருமுனையில் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டின் மணல் குவியலிலிருந்து அப்பா இரண்டு வாளி கேட்டு வாங்கி வந்தார். கட்டடக்காரர், "எத்தனை சதுரடி டாக்டர்?" என்றாராம். அப்பா "மூணு அங்குல அகலம்" என்றாராம். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லையாம்.

முதலில் பெரிய சல்லடை, அப்புறம் டீ வடிகட்டி. பெரியதும் வேண்டாம், தூளும் வேண்டாம். நடுவில் மிஞ்சுவதுதான் எங்கள் ரயிலின் அளவுக்கு ஜல்லி. அதைக் கழுவி, காயவைத்து, மேலே ஒரு காந்தத்தை இழுத்தோம். காந்தம் முழுக்கக் கறுப்பு முடி முளைத்துவிட்டது! மணலில் அவ்வளவு இரும்புத் துணுக்கு. அது அப்படியே கிடந்தால் இன்ஜின் மோட்டாருக்குள் போய் ஒட்டிக்கொள்ளுமாம்.

அம்மா தையல் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என் டீ வடிகட்டிதானே அது?" என்றாள்.

"இல்லம்மா" என்று அப்பாவும் நானும் ஒன்றாகச் சொன்னோம். அவளுடைய வடிகட்டிதான்.

அப்பா போன வாரம் ரயில்வே கேட் பக்கம் போய் உண்மையான ஜல்லியை நாற்பது படம் எடுத்திருக்கிறார். கேட்காரர் சந்தேகப்பட்டு, "என்ன சார் பார்க்கிறீங்க?" என்றதற்கு "கல்லு எப்படி உட்கார்ந்திருக்குன்னு பார்க்கிறேன்" என்றாராம். ஜல்லி சும்மா கொட்டிக் கிடப்பதில்லையாம். தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிந்து இறங்குமாம். தண்டவாளத்தைத் தாங்குகிற குறுக்குக் கட்டைகளுக்கு நடுவே கட்டையின் மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடுமாம்.

"ரயில் ஓடினா மட்டும் போதாது. தண்டவாளம் கல்லு மேல உட்காரணும். கல்லு தண்டவாளம் மேல உட்காரக்கூடாது."

இதை அவர் மூன்று தடவை சொன்னார். நான் எழுதிக்கொள்ளவேண்டும் என்று நினைத்தார் போல. இதோ, எழுதியாயிற்று.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஜல்லி போடுவது எப்படி என்று இன்று தெரிந்தது. எப்படிப் போடக்கூடாது என்றும்.

கரண்டியால் தண்டவாளத்தின் நடுவே கொட்டி, மெல்லிய தூரிகையால் தள்ளிப் பரப்பவேண்டும். கட்டைமேல் ஒரு கல் இருந்தாலும் தட்டிவிடவேண்டும். அதற்கு அப்பாவின் கொக்கிக் கருவி. பல்லில் ஓட்டை தேடுவாரே, அதேதான். பார்த்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. பிறகு சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீரைப் பனிபோல் தெளிக்கவேண்டும். கடைசியில் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ராத்திரி முழுக்கக் காய்ந்தால் கல்லாகிவிடும்.

நான் மேலே இருந்து சொட்டினேன். ஒவ்வொரு சொட்டும் குண்டு விழுந்த மாதிரி பள்ளம் பறித்தது. ஒரு முழம் தண்டவாளம் நிலாவின் தரை மாதிரி ஆகிவிட்டது.

"மேல இருந்து விடாதேம்மா. ஓரத்துல வச்சா அதுவா உள்ள இறங்கும். ஈறுல ஊசி போடற மாதிரி. மெதுவா... அவசரமே இல்ல..."

ஈறில் ஊசி! என்ன ஒரு உதாரணம்!

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். எழுதவே பயமாக இருக்கிறது. கிளினிக் அலமாரியில் கிராம்பு எண்ணெய் பெரிய பாட்டில் இருக்கிறது. பல்வலிக்கு ஒரு சொட்டு வைத்தால் அரை மணி நேரம் நிம்மதி. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, அம்மாவின் தையல் மெஷின் எண்ணெய் வந்த காலி பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். நீளமூக்குக் குட்டி பாட்டில். அடியில் சிவப்பு நூல் சுற்றினேன். ரயில் மேசையில் உள்ள சுரங்கத்துக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன். அங்கே யார் கையை விடப்போகிறார்கள்?

செப்டம்பர் 11, வியாழன்

கிளினிக்கில் அப்பாவுக்கு உதவியாக இருக்கிறவரை நான் நர்ஸக்கா என்றுதான் கூப்பிடுவேன். அப்பாவுக்கே அவரிடம் பயம். இன்று மாலை அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"டாக்டர், கிராம்பு எண்ணெய் பாதிக்கு மேல காலி. போன வாரம்தான் புதுசு உடைச்சேன். எலி கிலி குடிக்குதா?"

நான் தூரிகையைக் கீழே போட்டுவிட்டேன். அப்பா தண்டவாளத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"ஆவியாயிடும்மா. வெயில் காலம்."

நேற்று பூரா மழை.

அப்பா எவ்வளவு வெள்ளந்தி! எனக்காகவே யாரோ அனுப்பிவைத்த வக்கீல் மாதிரி பேசினார். ஆனால் ஒன்று புரியவில்லை. நான் எடுத்தது ஒரு மூடி அளவுகூட இருக்காது. பாதி பாட்டில் எங்கே போனது?

செப்டம்பர் 13, சனி

வாய் இருந்தும் இல்லாதவள் ஆகிவிட்டேன்.

இன்று பாயிண்ட்டுக்கு ஜல்லி போடும் நாள். ரயில் ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குத் திரும்பும் இடத்துக்குத்தான் பாயிண்ட் என்று பெயர். அங்கே இரண்டு மெல்லிய நாக்கு மாதிரி கம்பிகள் இப்படியும் அப்படியும் அசையும். ஜல்லிப் பசை அதற்குள் இறங்கிவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் அந்த இடத்தில் எண்ணெய் வைத்துவிடவேண்டும். எண்ணெய் இருக்கும் இடத்தில் பசை பிடிக்காது.

அப்பா அதற்கு வைத்திருந்த மெஷின் எண்ணெய் பாட்டிலை, அதே நீளமூக்குக் குட்டி பாட்டில்தான், தேடு தேடென்று தேடினார். கிடைக்கவில்லை. சரி, அதற்குள் சுரங்கத்தில் ஜல்லி ஒழுங்காகக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்று, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற அந்தக் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டார்.

"அட! இங்கயா இருக்கு! நானே வச்சு மறந்திருக்கேன் பாரு."

சிவப்பு நூலைக் கவனிக்கவில்லை. வாசனையும் தெரியவில்லை. இருபது வருடமாக அந்த வாசனையிலேயே வாழ்கிறவருக்கு அது காற்று மாதிரி.

மூடியைக் கழற்றினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். 'அப்பா, அது மெஷின் எண்ணெய் இல்லை' - ஐந்தே வார்த்தை. அடுத்து 'பின்ன என்ன?' என்பார். அடுத்து 'எதுக்கு வச்சிருக்கே?' என்பார். அடுத்து 'வாயைத் திற.'

அவர் விட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. தாராளமாக.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர் பாட்டிலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பாயிண்ட் செத்துவிட்டது.

கட்டைகள் எல்லாம் பிளாஸ்டிக். காபியில் ஊறின பிஸ்கட் மாதிரி உப்பி, நெளிந்து, தொட்டால் விரலில் பிசுபிசுக்கிறது. நாக்கு அதில் புதைந்து அசையவில்லை. கிராம்பு எண்ணெய் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்று யாருக்குத் தெரியும்? இதைத்தான் நான் வாயில் விட்டுக்கொண்டிருக்கிறேன்!

அப்பா முழங்காலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். கோபித்துக்கொண்டால்கூடத் தேவலை. "மட்டமான பிளாஸ்டிக் போல. இல்ல பசையில தண்ணி ஜாஸ்தியோ... என் தப்பாத்தான் இருக்கும்" என்றார்.

புது பாயிண்ட் வர இரண்டு வாரம் ஆகுமாம். அதற்குள் திறப்பு வந்துவிடும். கொக்கிக் கருவியால் பிசுக்கைச் சுரண்டி, நாக்கை நேர்ப்பாதைக்குத் தள்ளி, அப்படியே நிறுத்திவைத்திருக்கிறார். வண்டி நேராக மட்டும் ஓடும். ஸ்டேஷனுக்குத் திரும்பாது. அவர் ஆசைப்பட்டதே அந்த ஸ்டேஷனுக்குத் திரும்புவதைத்தான்.

ராத்திரி சாப்பிடும்போது அக்கா என்னையே பார்த்தாள். "என்னடி, ஒரே பக்கமா மெல்லறே? மாடு மாதிரி."

"இப்படித்தான் மெல்லணும். மூளைக்கு நல்லது."

"அப்படியா? அப்பாவும் மூளையை வளர்க்கறார் போல. ஒரு வாரமா அவரும் அப்படித்தான் சாப்பிடறார்."

அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்தார். ஆறின தண்ணீர்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கன்னம் லேசாக வீங்கியிருக்கிறது. கொசு கடித்தது என்று சொல்லிவிட்டேன். வாய்க்குள் போய்க் கடித்த கொசு.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று சொல்லிவிடலாம் என்று கீழே போனேன். நிஜமாகத்தான். படியில் ஒவ்வொன்றாக ஒத்திகை பார்த்துக்கொண்டே இறங்கினேன். கதவருகே போனதும் உள்ளே 'ர்ர்ர்'. கூடவே அந்தச் சைரன்.

சைரன் என்பது ஐந்து வயதுக் குட்டிப்பெண். அவளுடைய பால்பல் ஒன்று கெட்டுப்போய்விட்டது. நாற்காலியில் உட்காரவைக்கும் முன்பே ஆரம்பித்துவிடுவாள், தெருமுனை வரை கேட்கும். நர்ஸக்கா வைத்த பெயர்தான்.

நான் திரும்பி மேலே வந்துவிட்டேன். ஏறும்போது படிகள் எவ்வளவு சுலபம்!

அப்பா நாளை இரண்டாவது பாயிண்ட்டுக்கு எண்ணெய் வைக்கப்போகிறார். அதே பாட்டிலிலிருந்து.

கடவுளே.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் அப்பா குளிக்கப் போனதும் ரயில் மேசைக்கு அடியில் புகுந்து தேடினேன். உண்மையான எண்ணெய் பாட்டில் மணல் வாளிக்குப் பின்னால் உருண்டு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு அப்பாவின் கோட்டுப் பையில் கையை விட்டேன். என் பாட்டிலை எடுத்துவிட்டு இதை வைத்துவிடவேண்டும், அவ்வளவுதான்.

பையில் இரண்டு பாட்டில்கள்.

ஒன்றில் சிவப்பு நூல். என்னுடையது. இன்னொன்றும் அதே நீளமூக்குப் பாட்டில், பஞ்சில் சுற்றி, ரப்பர் போட்டு... முகர்ந்து பார்த்தேன்.

கிராம்பு.

இன்னொரு தடவை முகர்ந்தேன். அப்புறம் எல்லாம் வரிசையாக வந்தது. ஆவியாகும் எண்ணெய். ஆறின தண்ணீர். மூளையை வளர்க்கும் மெல்லல். இரண்டு வாரமாக அவர் சிரிப்பதே வாயை மூடிக்கொண்டுதான். ரயிலைப் பார்த்தால் பயம் மறந்துவிடும் என்று சொல்லிவிட்டு ராத்திரி பத்து மணி வரை அதன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்!

அப்பாவுக்குப் பல்வலி.

இதைத் தெரிந்துகொண்டதும் எனக்குத் தைரியம் வந்திருக்கவேண்டும் இல்லையா? வரவில்லை. இருமடங்கு பயம் வந்தது. இருபது வருடமாக அந்த நாற்காலியைப் பக்கத்திலிருந்து பார்த்தவரே அதில் உட்காரப் பயப்படுகிறார் என்றால்?

பாட்டிலை மாற்றி வைத்துவிட்டேன். இரண்டாவது பாயிண்ட் பிழைத்தது.

அம்மா சாயங்காலம், "என் காலி பாட்டிலெல்லாம் எங்கதான் போகுதோ!" என்று பொதுவாகக் கேட்டாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று நிறைய நடந்துவிட்டது. இருந்தாலும் ஒழுங்காக எழுதுகிறேன்.

திறப்பு நன்றாகத்தான் ஆரம்பித்தது. புது நாற்காலிகள், புது பெயின்ட், சுவரில் பளபளவென்று நான். பக்கத்து வீட்டுக்காரர்கள், பழைய நோயாளிகள், அவர்கள் பிள்ளைகள். அப்பா சுவிட்சைத் தட்டினார். சுரங்கத்திலிருந்து ரயில் வந்தபோது அந்த ஜல்லி... நான் சொல்லக்கூடாது, ஆனால் உண்மையிலேயே நிஜத் தண்டவாளம் மாதிரி இருந்தது. இன்ஜின் நிற்கும் இடத்தில் கறுப்பாக எண்ணெய்க் கறைகூட வைத்திருக்கிறோம். ஒரு தாத்தா, "கல்லெல்லாம் ஒட்டியா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே விரலால் நோண்டினார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

மூன்றாவது சுற்றில் செத்த பாயிண்ட்டின் நாக்கு கொஞ்சம் விலகியிருக்கிறது. இன்ஜின் ஏறி, சாய்ந்து, ஆறு பெட்டியையும் இழுத்துக்கொண்டு கவிழ்ந்தது.

"அய்யோ!" என்றது கூட்டம். சைரனின் மூக்கு மேசை விளிம்பில் இருந்தது. அவள் விபத்து நடந்த இடத்தை முகர்ந்து பார்த்தாள்.

"டாக்டர் அங்கிள், ரயிலுக்குப் பல்வலியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸக்கா சிரிக்கவில்லை. குனிந்து முகர்ந்தார்.

"டாக்டர். இது கிராம்பு எண்ணெய்."

அப்பாவும் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் அவர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைவிட வெளுத்திருந்தது. பையிலிருந்து இரண்டு பாட்டிலையும் எடுத்துப் பார்த்தார். ஒன்றை முகர்ந்தார். இன்னொன்றை முகர்ந்தார்.

"நான்தான். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு... மாத்தி விட்டிருக்கேன். அதான் பிளாஸ்டிக் கரைஞ்சிருக்கு."

"சரி. உங்க பையில கிராம்பு எண்ணெய் எதுக்கு டாக்டர்?"

பல் டாக்டர் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார், அப்புறம் எல்லாரும். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த நொடியில் நான் தப்பித்துவிட்டேன். முழுசாக. பழி அவர்மேல் போய்விட்டது, அவரே எடுத்துக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதில்தான் எனக்கு மூன்று வாரப் பயிற்சி இருக்கிறதே.

அப்பா யாரையும் பார்க்காமல், கவிழ்ந்த பெட்டியின் அடியில் சிதறிய கற்களை நகத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் போட்ட ஜல்லியில் ஒரு கல்கூடக் கட்டைமேல் இருந்ததில்லை. நாற்பது படம் எடுத்தார். என் தப்பாத்தான் இருக்கும் என்று இதோடு இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

"அது உங்க பாட்டில் இல்லப்பா" என்றேன். குரல் எலி கத்துவது மாதிரி வந்தது. "சுரங்கத்துல இருந்தது என் பாட்டில். நீங்க விடும்போது நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொல்லலை."

"உன் பாட்டிலா? உனக்கு எதுக்கும்மா..."

கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. என் கன்னத்தைப் பார்த்தார். சுவரில் இருக்கும் படத்தைப் பார்த்தார். மறுபடி என்னை.

"எந்தப் பல்லு?" என்றார் ரகசியமாக.

"வலப்பக்கம் கீழ. உங்களுக்கு?"

"இடப்பக்கம் மேல."

அம்மா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் ரெண்டு பாட்டிலும் இதுக்குத்தான் போச்சா!" என்றாள்.

நர்ஸக்கா நாற்காலிப் பக்கம் கையைக் காட்டினார். "வாயைத் திற."

"யாரு?" என்றார் அப்பா.

"ரெண்டு பேரும்."

முதலில் சைரன்தான் ஓடிப்போய் நல்ல இடம் பிடித்துக்கொண்டாள், வேடிக்கை பார்க்க. அவள் இன்று அழவே இல்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

அப்பா திட்டவில்லை. "மூணு வாரம் எப்படிம்மா தாங்கினே?" என்று மட்டும் கேட்டார். "நீங்க எப்படித் தாங்கினீங்களோ அப்படித்தான்" என்றேன்.

"எனக்குப் பயந்தா சொல்லலை?"

"உங்களுக்கு இல்லப்பா. அந்தச் சத்தத்துக்கு."

"எனக்கும் அதேதான்" என்றார். "மத்தவங்க வாயில ஓடும்போது ஒண்ணும் தெரியல. என் வாயில ஓடும்னு நினைச்சாத்தான்..."

நேற்று வாய்க்குள் பார்த்த நர்ஸக்கா இரண்டு பேருக்கும் நாள் குறித்துவிட்டார்: நாளை அப்பாவோடு படித்த இன்னொரு பல் டாக்டரிடம் போகிறோம். கல்லூரியில் அவர் பட்டப்பெயர் கொறடு. அப்பா இன்று ராத்திரி சாப்பிடவில்லை. நானும்.

செப்டம்பர் 24, புதன்

கொறடு அங்கிளின் காத்திருக்கும் அறையில் ஒரு மீன்தொட்டி, ஒரே ஒரு மீன். அதுவும் எங்களைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டது.

"இங்க ஒரு ரயில் இருந்திருக்கலாம்" என்றார் அப்பா.

"முதல்ல யாரு?" என்று உள்ளேயிருந்து குரல்.

"சின்னவங்க முதல்ல" என்றார் அப்பா. "பெரியவங்க முதல்ல" என்றேன் நான். அங்கிள் வெளியே வந்து, "உங்கப்பா காலேஜ்லயும் இப்படித்தான். எல்லாத்துக்கும் என்னை முன்னால தள்ளிவிடுவான்" என்றார். அதைக் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். யாராவது ஒருவர் எழவேண்டுமே.

அப்பா உள்ளே வந்து என் காலருகே நின்றார். அங்கிள் ஊசியை எடுத்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்தப் பாயிண்ட்டை எப்படிம்மா பிரிக்கலாம்?" என்றார் அப்பா. வாயைத் திறந்துவைத்துக்கொண்டு எப்படிப் பதில் சொல்வது? அவரே சொல்லிக்கொண்டு போனார். "வெந்நீர் சொட்டு விட்டா பசை இளகும். இழுக்கக்கூடாது. அவசரமே இல்ல..."

அங்கிள் ஊசியை மேலிருந்து இறக்கவில்லை. ஓரத்தில் வைத்தார். அது தானாக, மெல்ல, உள்ளே இறங்கியது. எனக்கு இது தெரியும்! ஒன்பதாம் தேதி நானே செய்தது. முதலில் சுருக்கென்று ஒரு கடி, அப்புறம் கனமாக ஒன்று பரவி, கன்னம் வேறு யாருடையதோ ஆகிவிட்டது. 'ர்ர்ர்' வந்தது. உள்ளேயிருந்து கேட்டால் அது அவ்வளவு பெரிய சத்தமில்லை. தரை வழியாகத்தான் பெரிதாகக் கேட்கும் போல.

அப்புறம் அப்பாவின் முறை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நெரித்துக்கொண்டார் என்று எழுதுவதுதான் சரி. நான் மரத்த வாயோடு, "பாயிண்ட்... கட்டை... மெதுவா..." என்று ஏதோ உளறினேன். அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே வந்ததும் நர்ஸக்காவுக்குப் போன் செய்து, "கொறடு கை பூ மாதிரி" என்றார். வாய் மரத்துப்போயிருந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

புது பாயிண்ட் சொன்னதைவிட முன்னதாகவே, வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. பழையதை வெந்நீர் விட்டு இளக்கி, கொக்கிக் கருவியால் கல் கல்லாக எடுத்தோம். நேற்று எண்ணெய் பாட்டிலை மேசையில் வைத்ததும் இரண்டு பேரும் முகர்ந்து பார்த்தோம். அக்காவைக் கூப்பிட்டு அவளையும் முகரச் சொன்னோம்.

ஒரே குறை. பழைய ஜல்லி மிச்சமில்லை. தெருமுனை மணல் எல்லாம் சுவராகிவிட்டது. வேறு மணல் சலித்துப் போட்டதில் அந்த ஒரு சாண் இடம் மட்டும் கொஞ்சம் கறுப்பாகத் தெரிகிறது. அப்பா மூன்று தடவை தூரத்தில் போய் நின்று பார்த்தார்.

"தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"ரொம்பத் தெரியுதா?"

"மத்தவங்களுக்குத் தெரியாது."

இன்று வண்டி முதல்முறையாக ஸ்டேஷனுக்குத் திரும்பியது. அப்பா எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.

சுவரில் உள்ள என் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார். அக்கா அதன் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: 'ஒன்று மட்டும் அடைத்தது.'

அக்டோபர் 6, திங்கள்

இதைப் பகலில் எழுதுகிறேன், கீழே, ரயில் மேசைப் பக்கத்தில் உட்கார்ந்து. வெளிச்சத்தில் பார்த்தால் என் கையெழுத்து இவ்வளவு கோணலா?

பள்ளி விட்டு வந்தபோது சைரன் காத்திருந்தாள். கெட்டுப்போன பல்லை இன்று எடுக்கவேண்டும். மூக்கை மேசையில் வைத்து ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பாயிண்ட் வந்ததும் விரலை நீட்டினாள்.

"அக்கா, இங்க மட்டும் ஏன் வேற கலர்?"

"அங்க கெட்டுப்போயிருந்தது. எடுத்துட்டு வேற போட்டோம்."

அவள் அந்தக் கறுப்புக் கல்லை விரலால் தொட்டாள். "வலிச்சுதா?"

பொய்தான் முதலில் வாயில் வந்தது. பழக்கம்.

"கொஞ்சம்" என்றேன். "முதல்ல ஒரே ஒரு சுருக். அப்புறம் இல்ல."

நர்ஸக்கா கதவைத் திறந்து கூப்பிட்டார். சைரன் என்னைப் பார்த்தாள்.

"நீ வரியா?"

ரயிலை நிறுத்திவிட்டுப் போகிறேன்.